உதடு நிறம் மாறினால் ஒளிக்காதீர்கள்!

தஞ்சாவூர்ச் சீமையின் விவசாயிக்குப் பயிரின் நிறமே பாடப் புத்தகம். அடி இலை மஞ்சளாக வெளுத்தால், "தழைச்சத்து போதவில்லை" என்பார். இலையில் துரு நிறத்தில் புள்ளி கண்டால், "துத்தநாகச் சத்து குறைவு" என்பார். வயல் நடுவே வட்ட வட்டமாகக் கருகினால், "ஐயோ, புகையான் விழுந்துவிட்டது!" என்று ஓடுவார். அன்று மாலைக்குள் மருந்துக்கு ஏற்பாடு நடக்கும்.

"ஊரார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" என்று யாராவது வயலைப் பாய் போட்டு மூடுவார்களா? மூடமாட்டார்கள்.

ஆனால், அதே வீட்டுப் பெண்ணின் உதடு நிறம் மாறினால்?

அப்போது மூடத்தான் தோன்றுகிறது! உதட்டுச் சாயத்தால் மூடலாம். முந்தானையால் மூடலாம். "வெயில் பட்டது" என்று சொல்லி வாயையும் மூடிக்கொள்ளலாம். ஊசி போட்டுக்கொண்டது வெளியே தெரிந்தால் கேலி வரும் என்ற பயம். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடாக இருந்தால், பயம் இரட்டிப்பு.

இந்தப் பயம்தான் ஊசியைவிடப் பொல்லாதது. எப்படி என்று பார்ப்போம்.

உதட்டுக்கு ஒரு ஊசி

உதட்டைச் சற்றுத் தடிப்பாக, எடுப்பாகக் காட்டுவதற்கு ஒரு ஊசி உண்டு. அதற்கு "பில்லர்" என்று பெயர். நிரப்பும் மருந்து என்று பொருள். ஒரு காலத்தில் சினிமா நட்சத்திரங்கள் மட்டும் போட்டுக்கொண்டார்கள். இப்போது கைபேசியில் படம் பார்த்துவிட்டுக் கல்லூரிப் பெண்களும் கேட்கிறார்கள். தோல், முடி, அழகு என்று பலகை மாட்டிய சிகிச்சை நிலையங்களைப் பார்க்கச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. காவிரிக் கரை ஊர்களிலேயே பார்க்கலாம்.

ஊசியில் இருப்பது பெரும்பாலும் "ஹயலூரோனிக் அமிலம்" என்ற பொருள். அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம். இது எரிக்கிற அமிலம் அல்ல. மனித உடம்பில் இயற்கையாகவே உள்ளது. தோலில் இருக்கிறது. மூட்டுகளில் இருக்கிறது. கண்ணுக்குள்ளும் இருக்கிறது. 1934-ம் ஆண்டில் அமெரிக்காவில் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் மாட்டின் கண்ணிலிருந்து இதை முதன்முதலாகப் பிரித்து எடுத்தார்கள். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வது இதன் குணம். அதைப் பசை போலச் செய்து உதட்டுக்குள் ஏற்றுகிறார்கள். ஒரு குழலில் 1 மில்லி இருக்கும். ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு! சில மாதங்கள் கழித்து அது மெல்ல மெல்லக் கரைந்துவிடும்.

இவ்வளவு சிறிய அளவுதானே, என்ன ஆகிவிடும் என்று தோன்றும். அளவு சிறிதுதான். போய்ச் சேரும் இடம்தான் முக்கியம்.

மெழுகு ஏற்றிய அழகி

முகத்துக்குள் பொருளை ஏற்றி அழகு தேடுவது இன்று நேற்று வந்த ஆசை அல்ல. சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் மெழுகை உருக்கி ஊசி வழியே ஏற்றினார்கள். பாரபின் மெழுகுதான்!

கிளாடிஸ் டீக்கன் என்று ஒரு அமெரிக்கப் பெண்மணி. ஐரோப்பாவே பேசிய அழகி. பின்னால் இங்கிலாந்தில் மார்ல்பரோ பிரபுவின் மனைவியானவர். மூக்கின் மேல்பாகம் நேராக இல்லை என்று அவருக்கு ஒரு குறை. 22 வயதில் மூக்கில் மெழுகு ஏற்றிக்கொண்டார். மெழுகு அங்கேயே நிற்குமா? கீழே இறங்கியது. முகமே கெட்டது. அதற்குப் பிறகு அவர் 1977-ம் ஆண்டு வரை உயிரோடு இருந்தார். அந்த அழகு மட்டும் திரும்பவில்லை.

இன்றைய ஊசி மெழுகைவிட எவ்வளவோ மேல். தவறாகப் போனால் கரைப்பதற்கு மாற்று மருந்து இருக்கிறது. ஆனால், மாற்று மருந்து இருப்பதால் மட்டும் பயன் இல்லை. அது நேரத்தில் கிடைக்க வேண்டும்.

நிறம் சொல்லும் சேதி

ஊசிக்குப் பிறகு உதடும் அதைச் சுற்றியுள்ள தோலும் நிறம் மாறலாம். எல்லா நிற மாற்றமும் ஒன்று அல்ல. இதைத் தெரிந்துகொண்டால் பாதி ஆபத்து நீங்கும்.

முதலாவது, சாதாரண இரத்தக்கட்டு. ஊசி முனை சிறு குழாய்களைக் குத்தினால் இரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். முதலில் சிவப்பு, பிறகு ஊதா, பிறகு பச்சையும் மஞ்சளும். வாழைத்தாரில் அடிபட்டு விழுந்தால் கையில் வருமே, அதே மாதிரி. ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் மறைந்துவிடும். இதற்குப் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, நீல நிறம். வலி இருக்காது. வீக்கமும் அதிகம் இருக்காது. ஆனால் தோலுக்கு அடியில் நீலச் சாயம் ஊற்றினாற்போல் ஒரு திட்டு தெரியும். வாரக் கணக்கில், மாதக் கணக்கில் போகாது. மருந்தைத் தோலின் மேல்மட்டத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். வெளிச்சம் அந்தப் பசையில் பட்டுச் சிதறும்போது நீலமாகத் தெரிகிறது. இந்த ஒளிச் சிதறலை ஆராய்ந்தவர் 19-ம் நூற்றாண்டு விஞ்ஞானி ஜான் டிண்டால். அதனால் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். இது பார்க்க நன்றாக இராது. உயிருக்கு ஆபத்து இல்லை. மருந்தைக் கரைத்தால் சரியாகும்.

மூன்றாவது, பழுப்பு அல்லது கருப்புத் தழும்பு. புண்ணோ வீக்கமோ ஆறிய பிறகு அந்த இடம் கறுத்துப் போவது. மாநிறத் தோலுக்கும் கருநிறத் தோலுக்கும் இது அதிகம் வரும். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு இந்தத் தோல்தான். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். சித்திரை வெயிலில் வெளியே நிற்கிற பெண்ணுக்குச் சொல்லவே வேண்டாம். மறைவதற்குப் பல மாதம் ஆகும். பொறுமை வேண்டும்.

நான்காவதுதான் பொல்லாதது!

வாய்க்கால் அடைபட்டால்

மேட்டூரில் தண்ணீர் திறக்கிறார்கள். கல்லணை தாண்டுகிறது. ஆறு நிறைய ஓடுகிறது. ஆனால் நடுவில் ஒரு வாய்க்கால் அடைத்துக்கொண்டது. என்ன ஆகும்? மேலே ஆறு நிறைந்து ஓடினாலும் கடைமடை வயல் காயும். முதலில் வெளுக்கும். பிறகு சுருளும். பிறகு கருகும்.

உதட்டிலும் இதே கதைதான். உதட்டுக்குள் மெல்லிய இரத்தக் குழாய் ஓடுகிறது. அதன் கிளைகள் மூக்கு வரை போகின்றன. ஊசி மருந்து தவறி அந்தக் குழாய்க்குள் போனால், அல்லது வெளியிலிருந்து அதை நெருக்கினால், இரத்த ஓட்டம் நிற்கும். அந்தக் குழாயை நம்பியிருக்கும் தோல்தான் கடைமடை. முதலில் வெளுத்துப்போகும். பிறகு வலை பின்னியது போல ஊதா நிறக் கோடுகள் தோன்றும். பெரும்பாலும் வலி எடுக்கும். சிலருக்கு மரத்துப்போன மருந்தினால் முதலில் வலி தெரியாது. அப்படியே விட்டால் கொப்புளம் வரும். கடைசியில் தோல் கறுத்துச் செத்துவிடும். தழும்பு வாழ்நாள் முழுவதும் நிற்கும்.

இது அபூர்வம்தான். ஆயினும் வந்தால், நாள் கணக்குப் பார்க்கக் கூடாது. மணிக் கணக்கில் ஓட வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. நிறம் மாறிய இடத்தை விரலால் லேசாக அழுத்தி விடுங்கள். வெளுத்த இடத்தில் இரண்டு நொடிக்குள் இரத்தம் ஓடி வந்து பழைய நிறம் திரும்ப வேண்டும். திரும்பத் தாமதம் ஆனால் உடனே ஊசி போட்ட டாக்டரிடம் ஓடுங்கள். அவர் இல்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சோதனை சரியாக இருந்தாலும், வலியோ வெளுப்போ வலை போன்ற நிறமோ இருந்தால் டாக்டரிடம் காட்டாமல் இருக்காதீர்கள். ஐஸ் கட்டி வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். சாதாரண இரத்தக்கட்டுக்கு ஐஸ் நல்லது. குழாய் அடைபட்ட இடத்துக்கு அது கெடுதல்.

கண் மங்கினால், கண்ணில் திடீரென்று வலி எடுத்தால், பேச்சுக் குழறினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். முகத்து ஊசி மருந்து கண்ணுக்குப் போகும் குழாயை அடைத்து, பார்வை பறிபோன சம்பவங்கள் உலகில் நடந்திருக்கின்றன.

கரைக்கும் மருந்து

பசையைக் கரைக்கும் மருந்தின் பெயர் "ஹயலூரோனிடேஸ்". கண் ஆபரேஷன்களில் மரத்துப்போகும் மருந்தோடு சேர்த்துப் பயன்படுத்தப்படும் மருந்துதான் இது. இதை நேரத்தோடு ஏற்றினால் அடைப்பு கரையும், இரத்தம் ஓடும், உதடு பிழைக்கும்.

ஆகவே, உதட்டுக்கு ஊசி போட நினைக்கும் பெண் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு பணம்?" என்பது அல்ல. "கரைக்கும் மருந்து இங்கே இருக்கிறதா? இப்போதே காட்டுங்கள்" என்பதுதான்! இல்லை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும்.

வேதாரண்யம் பக்கத்திலிருந்து வந்து ஊசி போட்டுக்கொண்டு, மாலைப் பஸ்ஸில் ஊர் திரும்பும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். இராத்திரி 10 மணிக்கு உதடு வெளுக்கிறது. தஞ்சாவூர் எங்கே, அவள் ஊர் எங்கே? டாக்டர் போனை எடுப்பாரா? இதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே போய், "உதட்டில் பில்லர் ஊசி போட்டேன், இத்தனை மணிக்குப் போட்டேன்" என்று உண்மையைச் சொன்னால்தான் வைத்தியம் வேகமாக நடக்கும். "பூச்சி கடித்தது" என்று சொன்னால், பூச்சிக் கடிக்குத்தான் மருந்து கிடைக்கும்!

நடிகையின் படம்

இது பட்டிக்காட்டுப் பெண்களுக்கு மட்டும் வரும் சங்கடம் அல்ல. 2021-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தமிழ் நடிகை ரைசா வில்சன் தன் முகப் படத்தை இன்ஸ்டாகிராமில் வெளியிட்டார். சென்னையில் முக அழகுச் சிகிச்சை எடுத்த பின், கண்ணுக்குக் கீழே வீங்கி நிறம் மாறியிருந்தது. தனக்குத் தேவையில்லாத சிகிச்சையைச் செய்துவிட்டார்கள் என்றார். சிகிச்சை செய்தவர் தரப்பு அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. யார் சொன்னது சரி என்பது வேறு விஷயம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முகத்தையே முதலாக வைத்துப் பிழைக்கும் ஒரு நடிகை, முகம் கெட்டிருந்த நேரத்தில் அதை ஊருக்குக் காட்டினார். அந்தத் துணிச்சல் எல்லா வீட்டுப் பெண்ணுக்கும் வேண்டும். ஊருக்குக் காட்டாவிட்டாலும் தாயிடமாவது காட்டலாம் அல்லவா?

யார் கையில் ஊசி?

தோலைத் துளைத்து உள்ளே போவது அலங்காரம் அல்ல, வைத்தியம். வைத்தியம் செய்ய டாக்டர் வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2022-ம் ஆண்டு செப்டம்பரில் முடி நடும் சிகிச்சை பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டது. யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொள்வது போதுமான பயிற்சி ஆகாது என்று அதில் அழுத்தமாகச் சொன்னது. முடிக்குச் சொன்னது உதட்டுக்குப் பொருந்தாதா?

ஊசியே இல்லாமல் காற்றழுத்தத்தால் மருந்தைப் பீச்சும் பேனா ஒன்றும் வந்திருக்கிறது. "வலிக்காது, வீட்டிலேயே செய்யலாம்" என்று விளம்பரம். அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2021-ம் ஆண்டு அக்டோபரில், "இதை உபயோகிக்காதீர்கள்" என்று மக்களை எச்சரித்தது. அதே மாதம் முதல் இங்கிலாந்தில் 18 வயது ஆகாதவர்களுக்கு அழகுக்காக இந்த ஊசி போடுவது சட்டப்படி குற்றம்.

இங்கேயும் அப்படி ஒரு தெளிவான வயது வரம்பு வேண்டும். பள்ளிக்கூடப் பெண்ணின் உதட்டில் ஊசி ஏற்ற எந்த அவசரமும் இல்லை. கரைக்கும் மருந்து வைத்திருக்காத இடத்தில் ஊசி போடக் கூடாது என்றும் அரசு கண்டிப்புச் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் சிகிச்சை நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997-ம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. சட்டப் புத்தகம் இருக்கிறது. மாவட்டந்தோறும் அதிகாரிகள் போய்ப் பார்த்தால்தானே அதற்கு உயிர் வரும்?

போகிற பெண்ணும் விழிப்பாக இருக்கலாம். டாக்டரின் பெயரையும் மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். மருந்துப் பெட்டியை எதிரிலேயே பிரிக்கச் சொல்லலாம். பெட்டியில் உள்ள பெயர்ச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாம். பணத்துக்கு ரசீது கேட்கலாம். டாக்டரின் கவனக்குறைவால் கெடுதல் நேர்ந்தால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1995-ம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். ரசீது இல்லாதவர் எதைக் காட்டி வழக்காடுவார்?

கறுப்பைப் போக்க இன்னொரு கறுப்பு

உதட்டோரம் கறுத்துவிட்டது. உடனே பலர் என்ன செய்கிறார்கள்? மருந்துக் கடைக்குப் போய், "சிவப்பாக்கும் களிம்பு கொடுங்கள்" என்கிறார்கள். அந்தக் களிம்பில் பெரும்பாலும் "ஸ்டீராய்டு" இருக்கிறது. முதல் பத்து நாள் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலியும். சிவந்து எரியும். பரு வெடிக்கும். முடி முளைக்கும். களிம்பை நிறுத்தினால் முகம் இன்னும் மோசமாகும்.

இந்தியாவில் 12 மருத்துவ மையங்களில், முகத் தோல் கோளாறுக்காக வந்த 2,926 பேரை விசாரித்தார்கள். 2011-ம் ஆண்டில் அந்த ஆய்வு வெளியானது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு களிம்பு பூசியவர்கள். அந்த 433 பேரில் 257 பேருக்கு அதைச் சொன்னவர் டாக்டரே அல்ல! கடைக்காரரும், உறவினரும், பக்கத்து வீட்டாரும்தான். 2018-ம் ஆண்டில் மத்திய அரசு இப்படிப்பட்ட பல களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. உத்தரவைக் கடைக்காரர் மதிக்க வேண்டும். வாங்குபவரும் மதிக்க வேண்டும்.

வெற்றிலைச் சிவப்பும் வெண்கலக் கருமையும்

உதட்டுச் சிவப்புக்கு இந்த மண்ணில் பழைய வழி ஒன்று இருந்தது. கும்பகோணம் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு! "வாய் சிவந்தால் கணவனுக்கு ஆசை அதிகம்" என்று கேலி பேசி மகிழ்ந்தார்கள். அந்தச் சிவப்புக்கும் விலை உண்டு என்று இப்போது தெரிந்துவிட்டது. பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் அறிவித்திருக்கிறது. பழையது என்பதால் நல்லது ஆகிவிடாது. புதியது என்பதால் கெட்டதும் ஆகிவிடாது. எதையும் விசாரித்துத்தான் தொட வேண்டும்.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனால் சோழர் காலத்து வெண்கல அம்மன்களைப் பார்க்கலாம். கருமை ஏறிய உலோகம். அளவான உதடு. உலகம் முழுவதிலிருந்தும் வந்து பார்த்து வியக்கிறார்கள். அந்த ஊர்ப் பெண், கைபேசியில் வரும் யாரோ ஒருத்தியின் உதட்டைப் பார்த்துத் தன் உதடு குறை என்று நினைக்கலாமா?

அதற்காக, ஊசி போட்டுக்கொண்ட பெண்ணைப் பழிப்பதும் சரி அல்ல. தன் பணம், தன் முகம், வயது வந்த பெண்ணின் விருப்பம். விபத்தில் உதடு கிழிந்தவர்களுக்கு இதே மருந்து உதவியும் செய்கிறது. குற்றம் விருப்பத்தில் இல்லை. குற்றம் வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. தெரியாதவர் கையில் ஊசி இருப்பது ஒன்று. தெரிந்துவிட்டால் வீட்டார் திட்டுவார்கள் என்ற நிலைமை இருப்பது மற்றொன்று.

முதல் குற்றத்தை அரசு திருத்த வேண்டும். இரண்டாவதை வீட்டார்தான் திருத்த வேண்டும்.

பெண் பார்க்க வரும் மாப்பிள்ளை வீட்டார், "நிறம் கொஞ்சம் மட்டு" என்று சொல்வதை நிறுத்தட்டும். தாய், "உனக்கு ஏனடி இந்த வேலை?" என்று கத்துவதை நாளைக்கு வைத்துக்கொள்ளட்டும். தகப்பனார், "பணத்தைக் கரியாக்கினாயே" என்று கணக்குப் பார்ப்பதை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கட்டும். உதடு வெளுத்த இராத்திரியில் அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. "எங்கே காட்டு" என்று விளக்கைப் பிடித்துப் பார்த்து, வண்டியை எடுக்க வேண்டும்.

திட்டுவதற்கு வருஷம் முழுவதும் நேரம் இருக்கிறது. உதட்டைக் காப்பாற்றச் சில மணி நேரம்தான் இருக்கிறது!